யோகத்தில் எண்

தாரணை, தியானம், சமாதி என்னும் மூன்றையும் பதஞ்சலி முனிவர் யோகசூத்திரத்தின் மூன்றாம் பாதத் தொடக்கத்தில் வரிசையாக வைத்தார். உள்ளத்தை ஓரிடத்திற் கட்டுவது தாரணை; அந்நினைவு இடையறாது ஓடுவது தியானம்; நினைப்பவன் மறைந்து, நினைக்கப்படும் பொருளொன்றே விளங்குவது சமாதி. எவ்வளவு நேரம் என்பதை அவர் கூறினாரில்லை. அளவு கூறியோர் பின்வந்தோரே.

பன்னிரண்டு பிராணாயாமம் ஒரு தாரணை, பன்னிரண்டு தாரணை ஒரு தியானம், பன்னிரண்டு தியானம் ஒரு சமாதி என்பது கூர்ம புராணத்தின் கணக்கு. இது கூட்டலன்று, பெருக்கல். 12, 144, 1728 என ஏறுகின்றது. 1896 இல் வெளிவந்த இராஜயோகம் என்னும் நூலில் இப்புராணப் பகுதியைச் சுருக்கித் தந்த சுவாமி விவேகானந்தர், பிராணாயாமத்தின் இடத்தில் விநாடியை வைத்தார். (1897 சனவரியில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிப் பேசிய அதே சுவாமிகள்தாம்.) அவ்வாறாயின் சமாதிக்கு 28 நிமிடம் 48 விநாடி, நம் முன்னோர் அளவில் ஒன்றேகால் நாழிகைக்குச் சற்றுக் குறைவு.

புராணத்தின் அலகையே கொண்டால் என்னாகும்? திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, இரேசகத்துக்கு 32 மாத்திரை வகுத்தார். ஒரு சுற்றுக்கு 112. மாத்திரையாவது கண்ணிமைப்பொழுது அல்லது கைந்நொடிப்பொழுது என்பதை நன்னூல் கற்றோர் அறிவர். பேச்சுக்கு அதனை ஒரு விநாடி எனக் கொள்வோம். 1728 ஐ 112 ஆற் பெருக்க 193,536 விநாடி, அதாவது ஏறத்தாழ 53¾ மணித்தியாலம் வரும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கடந்துவிடும்! வடநூலின் எண்ணையும் தமிழ் மந்திரத்தின் எண்ணையும் இவ்வாறு பிணைத்தது எமது துணிவேயன்றி நூலோர் கூற்றன்று.

அரைமணி எங்கே, ஐம்பத்துமூன்று மணி எங்கே! ஆயினும் அலகு மாறியதேயன்றி விகிதம் மாறவில்லை. எந்த அலகைக் கொண்டாலும் தியான அளவை எட்டியவனுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு வழியே கழிந்திருக்கும். பதினொரு பங்கு எஞ்சி நிற்கும். தியானம் கைகூடிற்று என்று மகிழும் அன்பர்கள் இக்கணக்கைச் சற்று நோக்குவார்களாக.

நம் இளைஞருட் சிலர் கைக்கடிகாரத்தை முன்னே வைத்துக் கண்மூடுவதுண்டு. பன்னிரண்டாம் விநாடி வந்ததோ எனக் கண் திறந்த கணமே தாரணையும் போயிற்று. எண்ணுவோன் இருக்குமளவும் பதஞ்சலி சொன்ன சமாதி இல்லை. அப்படியாயின் 1728 ஐ எண்ணியவர் யார்? அருகிருந்த குருவோ, மாணாக்கனோ, நாழிகை வட்டிலோ எண்ணியிருத்தல் வேண்டும். அமர்ந்திருந்தவர் எண்ணியிருக்க முடியாது.