நான்கு தட்சிணாமூர்த்திகள்

அரியாலையிலோ அளவெட்டியிலோ கோயில் வீதியில் விடிய விடிய மேளச்சமா கேட்டு வளர்ந்த தலைமுறையிடம் ‘தெட்சணாமூர்த்தி’ என்று சொன்னால், எந்தத் தெட்சணாமூர்த்தி என்ற கேள்வியே எழாது. தவில்தான். அதே பெயரைக் கேரளத்தில் சொன்னால் மலையாளத் திரையிசையின் முதுபெரும் ‘சுவாமி’ நினைவுக்கு வருவார். ஆந்திரத்தில் சுசர்லா தட்சிணாமூர்த்தி. பழைய கச்சேரிகளைப் பற்றிப் படித்தவர்களுக்கோ புதுக்கோட்டையார். தென்முகக் கடவுளின் திருக்கோலங்களில் வீணை ஏந்திய வீணாதர தட்சிணாமூர்த்தியும் உண்டு. இசைவாணர்களுக்கு இப்பெயர் பொருந்தி வந்ததில் வியப்பில்லை.

மூத்தவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936). கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் பெற்றுத்தந்த மாமூண்டியா பிள்ளையின் சீடர், மிருதங்கத்திலும் வல்லவர். மாமூண்டியா பிள்ளை லயம் பயின்றது மாரியப்பத் தவில்காரரிடம். ஆக, புதுக்கோட்டை வழியின் வேர் தவிலில் இருக்கிறது. இந்தக் கஞ்சிராக்காரரும் யாழ்ப்பாணத்துத் தவில்காரரும் பெயரால் மட்டும் உறவினர் அல்லர் என்பது என் எண்ணம்.

திரையுலகத்தவர் இருவரையும் பிரிப்பது முதலெழுத்து ஒன்றே. எஸ். தட்சிணாமூர்த்தி (1921–2012) தமிழில் ‘சர்வாதிகாரி’ (1951), ‘மங்கையர் திலகம்’ (1955) ஆகிய படங்களுக்கு இசையமைத்தார். வி. தட்சிணாமூர்த்தி (1919–2013) அகஸ்டின் ஜோசப், மகன் யேசுதாஸ், பேரன் விஜய் என மூன்று தலைமுறையைப் பாடவைத்தவர். தமிழில் ‘நந்தா என் நிலா’ (1977) அவருடையது. (‘மங்கையர் திலக’த்தில் தாலாட்டுப் பாடியவர் ஆர். பாலசரஸ்வதி தேவி, நாட்டிய மேதை டி. பாலசரஸ்வதி வேறு. அது தனிச்சிக்கல்!)

யாழ்ப்பாணத்தவருக்கு முதலெழுத்தாக நின்றது ஊர்ப்பெயர். 1933இல் பிறந்தார். தந்தை விசுவலிங்கமும் தவில் வித்துவான். தமிழகம் சென்று நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளையிடமும் பயின்றார். தவிலின் தாயகமான தஞ்சை மண்ணில் ‘யாழ்ப்பாணம்’ என்ற அடைமொழியோடு ஒருவர் கொண்டாடப்பட்டது சிறிய செய்தி அன்று. 1975இல், 42 வயது நிறைவதற்குள் மறைந்துபோனார்.

திரைப்பட இசையமைப்பாளரின் பெயர் படத்தின் தலைப்பிலும் இசைத்தட்டிலும் அச்சாகிவிடும். தவில்காரருக்கு அந்த வசதி இல்லை. மேளக் கச்சேரியின் ஒலிப்பதிவு பெரும்பாலும் நாகசுர வித்துவானின் பெயரிலேயே வழங்கும். திருவிழாக்களில் ரசிகர்கள் பதிந்த ஒலிநாடாக்கள்தாம் மிச்சம். அவற்றுக்கும் காலம் கருணை காட்டவில்லை. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, கண்டி வீதியில் அரியாலையைக் கடந்து நாவற்குழிப் பாலம் நோக்கி நடந்தவர்கள் கைக்கு அகப்பட்டதைத்தான் எடுத்துச் சென்றார்கள். அரிசியும் பிள்ளையும் முதியவரும் முதலில். ஒலிநாடாப் பெட்டி அந்தக் கணக்கில் வராது.

அம்ஷன் குமார் இவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம், 2015ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் கலை, பண்பாட்டுப் பிரிவில் பரிசு பெற்றது. மறைந்து 40 ஆண்டுகள் கழித்து! இணையத்தில் இவர் வாசிப்பைத் தேடுவோர் ‘தட்சிணாமூர்த்தி’ என்று மட்டும் தேடினால் மற்ற மூவரில் ஒருவரிடம் போய்ச் சேரக்கூடும். ஈழத்து வழக்கில் ‘தெட்சணாமூர்த்தி’, ‘தட்சணாமூர்த்தி’ என்றும் தட்டிப் பாருங்கள். முன்னால் ‘யாழ்ப்பாணம்’ சேர்க்க மறவாதீர்கள்.