பிரிந்திருந்தும் ஒரே மடம்: சாந்திவனம் தரும் பாடம்



ஜூபிலி விழாவுக்கு எல்லாரும் கூடியிருக்கிறோம். விழா முடிந்ததும் நம் பிள்ளைகளில் பலர் ஓசூர் ஆலைகளுக்கும் பெங்களூருக்கும் திரும்பிவிடுவர். பிரிந்து வாழ்வோர் ஒரே சபையாக இருத்தல் கூடுமோ? நம் தமிழகத்துத் துறவு மடம் ஒன்றின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில், 1950 மார்ச் 21 அன்று சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கப்பட்டது. சாந்திவனம் என்றால் பலரும் அறிவர். நிறுவியவர்கள் பிரான்சு நாட்டுக் குருக்கள் இருவர்: 1939 முதல் இந்தியாவில் பணிபுரிந்த மோன்சானின் சுவாமி; 1948-இல் வந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி லெ சோ. பின்னவர் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்டார்.

ஒன்றாக வாழவே மடம் எழுப்பினர், நடந்ததோ வேறு. 1952 முதல் அபிஷிக்தானந்தர் பலமுறை திருவண்ணாமலைக் குகைகளில் மௌனத்தில் தங்கினார். ஊத்தங்கரை, செங்கம் வழியே நாம் செல்லும் அதே மலைதான். மோன்சானின் சுவாமி நோயுற்று, 1957 அக்டோபரில் பாரிசில் மரித்தார். எதிர்பார்த்த சீடர் கூட்டமும் சேரவில்லை. 1968-இல் அபிஷிக்தானந்தர் இமயத்தின் உத்தரகாசிக் குடிலுக்கே சென்றுவிட்டார். 1973 டிசம்பர் 7 அன்று இந்தோரில் இறைவனடி சேர்ந்தார்.

ஆயினும் மடம் கலையவில்லை. கேரளத்துக் குரிசுமலையிலிருந்து பீட் கிரிஃபித்ஸ் அடிகளார் 1968-இல் வந்து பொறுப்பேற்றார். 1980-களில் ஆசிரமம் கமால்தோலி சபையோடு இணைந்தது. புனித ரோமுவால்து 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தொடங்கிய அச்சபையில், தனிக்குடில் வாழ்வும் பொதுச் செபமும் சேர்ந்தே உண்டு. இல்லறத்தாரும் 'ஒப்லேட்' என்ற பெயரில், தம் வீட்டிலும் தொழிலிலும் இருந்தபடியே மடத்தின் செபத்தில் பங்கு கொள்கின்றனர். சாந்திவனத்தைச் சேர்ந்த இத்தகையோர் பல நாடுகளிலும் வாழ்கின்றனர்.

இதில் இரண்டு உண்மைகள் உள்ளன. சபையைக் கட்டுவது மதிற்சுவர் அன்று, ஒரே செபம். ஆனால் எல்லாரும் போய்விட்டால் செபவீட்டின் விளக்கு அணைந்துவிடும். யாராவது ஒருவர் அங்கிருந்து மணியடிக்க வேண்டும். ஊரிலிருக்கும் முதியோரே, அந்தப் பணி உங்களுடையது. வெளியூரில் உழைக்கும் இளைஞரே, இங்கே மாலை மணி ஒலிக்கும் வேளையில், ஆலையிலோ விடுதியிலோ நீங்களும் திரிகால செபம் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் நம் பங்கு முழுவதும் ஒன்றுகூடும்.

அடுத்த ஜூபிலி வரை இவ்வழக்கத்தைக் காக்க ஆண்டவர் அருள்வாராக!