ஒரே கடையில் பிறந்த இரண்டு ஸ்டேஷனரி



நேற்று பேத்தி வீட்டுப்பாட நோட்டோடு வந்தாள். "தாத்தா, ஓடாம நிக்கிற பஸ்ஸும் ஸ்டேஷனரி, பேனா பென்சிலும் ஸ்டேஷனரியா?" என்றாள். உச்சரிப்பு ஒன்றுதான். எழுத்தில்தான் வேறுபாடு. நிற்பதற்குக் கடைசியில் 'ஏ, ஆர், ஒய்'. எழுதுபொருளுக்கு 'இ, ஆர், ஒய்'.

இதை மாற்றி எழுதிய மாணவன் ஒருவனை நான் ஐம்பது முறை இம்போசிஷன் எழுத வைத்திருக்கிறேன். "ஏன் சார் அப்படி?" என்று கேட்டான். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்றேன். உண்மையில் எனக்கே காரணம் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

லத்தீனில் 'ஸ்டேஷியோ' என்றால் நிற்கும் இடம். பண்டங்களைச் சுமந்து ஊர் ஊராக விற்றவர்கள் நிறைந்த காலத்தில், ஒரே இடத்தில் கடை போட்டவருக்கு 'ஸ்டேஷனேரியஸ்' என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ், பொலோனா பல்கலைக்கழகங்களுக்கு அருகே இருந்த புத்தகக் கடைக்காரர்கள் இவர்கள்தான். அச்சு வராத காலம் அல்லவா? ஒரு நூலைப் பல பகுதிகளாகப் பிரித்து வாடகைக்குக் கொடுப்பார்கள். மாணவர்கள் பார்த்து எழுதிக்கொண்டு திருப்பித் தர வேண்டும். வாடகையைப் பல்கலைக்கழகமே நிர்ணயித்தது.

ஆங்கிலத்தில் அவர் 'ஸ்டேஷனர்' ஆனார். லண்டனில் 1403இல் இவர்களுக்குச் சங்கம் அமைந்தது. 1557இல் அரச சாசனம் கிடைத்தது. அச்சிடும் நூல்களைச் சங்கத்தின் பதிவேட்டில் பதிந்தார்கள். 1623இல் ஷேக்ஸ்பியரின் நாடகத் தொகுப்பு வெளிவந்தபோது, அதுவரை பதியப்படாத நாடகங்களும் அதில் ஏறின.

பிறகு புத்தகம் விற்பவர் தனி, காகிதமும் மையும் விற்பவர் தனி என்று தொழில் பிரிந்தது. பழைய பெயர் காகிதக்காரரிடம் தங்கிவிட்டது. பேக்கர் நடத்துவது பேக்கரி என்பதுபோல, ஸ்டேஷனர் விற்பது ஸ்டேஷனரி. அதிலுள்ள 'இ' அந்த வியாபாரியின் பெயரில் இருப்பது. நிற்பதைக் குறிக்கும் சொல்லோ லத்தீன் மூலத்தின் 'ஏ'யை அப்படியே வைத்துக்கொண்டது.

பேத்திக்கு இதைச் சொன்னேன். இனி மாற்றி எழுத மாட்டாள் என்று நினைக்கிறேன்.

அந்த மாணவனும் இதைப் படிக்கலாம். தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உங்களில் ஆசிரியராக இருப்பவர்களும் இதை மனதில் வையுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.