பத்துமலை ரயில்

முருகனின் குகைக்கோயில் உள்ள பத்துமலைக்கு 1905இல் கிளை இருப்புப்பாதை வந்தது. கே. தம்புசாமி பிள்ளை குகையில் முருகனின் வேலை நிறுவியதை அடுத்து, 1892 முதல் அங்கே தைப்பூசம் நடந்துவந்த காலம் அது. வட சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழருக்குத் தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதே ஆண்டின் பெரும்பயணம். ரவாங், கோலகுபு பாரு வட்டாரத் தோட்டங்கள் முதன்மை ரயில் பாதையை ஒட்டியிருந்தன. ரயில் எட்டாத தோட்டத்தார் லாரியிலும் பேருந்திலும் வந்தனர்.

படிக்கட்டின் வரலாறும் பக்தர் கூட்டத்தோடு வளர்ந்ததுதான். 1920இல் மரப்படிகள் அமைந்தன; 1940இல் 272 கான்கிரீட் படிகள் வந்தன. பால்குடம் சுமந்து ஏறும் பெண்ணுக்கு அந்த மாற்றம் எத்தனை பெரிய ஆறுதல் என்பதைக் கோயில் வரலாறுகள் போதிய அளவு சொல்வதில்லை. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006இல்தான் எழுந்தது.

2010இல் மின்சாரக் கொமுட்டர் ரயில் பத்துமலைக்கு ஓடத் தொடங்கியது. ஆனால் ரயில் எட்டாத ஊர்கள் இன்றும் உண்டு; கோலசிலாங்கூரில் ரயில் நிலையம் இல்லை. அங்கிருந்து புறப்படுவோர் சாலை வழியே சுங்கை பூலோவுக்கு வந்து ரயிலேறி, புத்ரா நிலையத்தில் வண்டி மாறலாம். பத்துமலை நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் பச்சை நிற அனுமன் சிலை எதிர்ப்படும். முருகன் சிலையும் படிகளும் அங்கிருந்து நடந்துபோகும் தூரமே.