போக்கரில் எதிராளி 'ஆல்-இன்' போனால் ஏற்பதா, விடுவதா? கணக்கு என்ன சொல்கிறது?

போக்கர் ஆட்டத்தில் ஒருவர் தன்னிடம் உள்ள மொத்த சிப்ஸையும் ஒரே அடியாக நடுவில் தள்ளுவதுதான் 'ஆல்-இன்'. எதிரில் இருப்பவருக்கு இரண்டே வழி. அதே தொகையை வைத்து 'கால்' செய்யலாம், அல்லது சீட்டைக் கீழே வைத்து 'ஃபோல்டு' செய்யலாம். "கையில நல்ல சீட்டு இருக்கே, போட்டுடலாம்" என்று நினைப்பவர்கள்தான் இங்கே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஏன்?

எத்தனை முறை ஜெயித்தால் போதும்?

நடுவில் 10,000 சிப்ஸ் இருக்கிறது. எதிராளி மேலும் 10,000 வைக்கிறார். நீங்களும் 10,000 போட்டால் மொத்தம் 30,000. அதில் உங்கள் பங்கு மூன்றில் ஒன்று. அதாவது மூன்று முறையில் ஒரு முறை ஜெயித்தாலே கைக்காசு போகாது.

அதே 10,000-க்கு எதிராளி 40,000 வைத்தால்? நீங்களும் ஏற்றால் மொத்தம் 90,000. இப்போது 44 சதவீதம் ஜெயிக்க வேண்டும். பந்தயம் பெரிதாகப் பெரிதாக இந்த அளவு 50 சதவீதத்தை நெருங்கும். ஆனால் அதைத் தாண்டாது.

சிப்ஸ் அதிகம் இருந்தால் என்ன மாறும்?

ஆட்டத்தில் கட்டாயமாக வைக்க வேண்டிய 'பிக் பிளைண்ட்' தொகையைப் போல 20 மடங்கு மட்டும் கையில் இருந்தால், ஒரு நல்ல ஜோடியை நம்பி இறங்குவது சகஜம். 200 மடங்கு இருந்தால் கதையே வேறு. அவ்வளவையும் கடைசிச் சுற்றில் வைப்பவரிடம் பெரும்பாலும் மிக வலுவான சீட்டு இருக்கும், இல்லையென்றால் ஒன்றுமே இருக்காது. நடுத்தரமான சீட்டோடு யாரும் அப்படி வைப்பதில்லை.

அதனால் உங்கள் ஜோடி 'பிளஃப்' அடிப்பவரை மட்டுமே வெல்லும். "என் சீட்டு நல்லதா?" என்று கேட்பதில் பயனில்லை. "இவர் எத்தனை முறை பொய் சொல்வார்?" என்பதுதான் சரியான கேள்வி. மேலே சொன்ன 40,000 பந்தயத்தில், ஒன்பதில் நான்கு முறையாவது அவர் பொய் சொல்பவராக இருக்க வேண்டும். பயந்து பயந்து ஆடுபவர் அவ்வளவு பொய் சொல்ல மாட்டார்.

2003-ல் நடந்தது என்ன?

லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் தொடரின் முக்கியப் போட்டி. 839 பேரில் கடைசியாக மிஞ்சியது இருவர்: கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபர்ஹா. மேசையில் 9, 6, 8 மூன்றும் இஸ்பேட். கூடவே டைமன் 2, ஆட்டின் 3. ஃபர்ஹாவிடம் 9 ஜோடி. மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் 7-ம். அவர் எதிர்பார்த்த ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட் இரண்டும் அமையவில்லை. ஆனாலும் ஆல்-இன் போனார்.

ஃபர்ஹா நீண்ட நேரம் யோசித்தார். அவர் கையிலேயே இஸ்பேட் ராணி இருந்ததால், எதிராளிக்கு ஃப்ளஷ் அமையும் வாய்ப்பு கொஞ்சம் குறைவு. ஏற்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் வெறும் ஒரு ஜோடியோடு அத்தனை சிப்ஸையும் வைக்க மனம் வராமல் சீட்டைக் கீழே வைத்தார். பின்னர் பட்டமும் 25 லட்சம் டாலரும் மணிமேக்கருக்குப் போனது. ஃபர்ஹாவுக்கு 13 லட்சம் டாலர்.

அப்படியானால் ஃபர்ஹா செய்தது தவறா? எதிராளியின் சீட்டைத் திரையில் பார்த்த நமக்கு அது தவறாகத்தான் தெரியும். ஆனால் ஒரு முடிவு சரியா என்பதை அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும். சரியாகக் கணக்குப் போட்டு ஏற்றாலும் தோற்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாலும் ஜெயிக்கலாம்.

கவனிக்க: இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமின்றித் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் போக்கரும் அதில் அடங்கும்.