தனியே வந்த ஆண்கள்

வளைகுடாவில் 'பச்சிலர்' என்றால் மணமாகாதவன் என்று பொருளில்லை. ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தாலும், அவர்களைக் கூப்பிட விசா இல்லாதவன் பச்சிலர்தான். ஓமானில் குடும்ப விசாவுக்கு வேண்டிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2017 வரை 600 றியால். அவ்வாண்டு அது 300 ஆகவும், 2023 இல் 150 ஆகவும் குறைக்கப்பட்டது. சோஹார்த் துறைமுகத்திலும், 2008 இல் உற்பத்தி தொடங்கிய அலுமினிய ஆலையைச் சுற்றியும் கூலிவேலை செய்வோரில் பலருக்குக் கடைசித் தொகையே எட்டாதது.

இவர்கள் வெள்ளிக்கிழமைகளில் எங்கே போவது? வளைகுடாவில் எங்களவர் நடத்தும் ஆட்டபாட்ட விழாக்களின் அழைப்பிதழ்களில் 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்றொரு வரி பழகிப்போனது.

இதை அரபு மண்ணின் வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. வடமேற்கு ஓமானிலும் எமிரேற்ஸிலும் கலியாணங்களில் ஆடப்படும் 'அய்யாலா' ஆண்களின் ஆட்டம். வரிசைக்கு இருபது பேரளவில் எதிரெதிரே நின்று மூங்கிற் கம்புகளை அசைத்து ஆடுவார்கள். 2014 இல் யுனெஸ்கோ பட்டியலில் அது சேர்ந்தது. ஆண் தனியே வந்து ஆடுவது அந்த மண்ணுக்குப் புதிதல்ல.

எங்கள் கதைக்கு நெருங்கிய முன்கதை கலிபோர்னியாவில் உண்டு. 1920களில் அங்கே தோட்டவேலைக்குப் போன பிலிப்பைன்ஸ்காரரில் மிகப் பெரும்பாலோர் தனி ஆண்கள். நடனத்துக்குப் பத்துச் சதம் வாங்கிய மண்டபங்கள்தாம் அவர்களுக்குத் திறந்திருந்தன. 1930 ஜனவரியில் வாற்சன்வில் அருகே அவர்கள் வெள்ளைப் பெண்களோடு ஆடிய மண்டபத்தைச் சாட்டிக் கிளம்பிய கும்பல், பல நாட்கள் அவர்களைத் துரத்தி அடித்தது. பெர்மின் தொபேரா என்ற 22 வயதுத் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். 1933 இல் அவர்கள் வெள்ளையரை மணப்பதை அம்மாநிலம் சட்டத்தால் தடுத்தது. 1934 இல் அவர்களது வருகை ஆண்டுக்கு 50 பேராகச் சுருக்கப்பட்டது.

பெண்களின் அச்சத்தை நாங்கள் மறுக்கவில்லை. நெரிசலில் நீளும் கையை அவர்கள் அறிவார்கள். ஆனால் குடும்பத்தோடு வந்தவனுக்கும் அந்தக் கை உண்டு.

ஐரோப்பாவில் அகதி விண்ணப்பத்தோடு காத்திருந்த எங்கள் பெடியன்கள் டிஸ்கோ வாசல்களில், சோடியாக வந்தால் விடுவோம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அந்த அவமானத்தை இன்றும் கதைக்கிறோம். சட்டம் தனியாக்கிய மனிதனை, தனியே வந்தான் என்பதற்காக எங்கள் சங்கங்களே வாசலில் நிறுத்தலாமா? தொல்லை தருபவனை வெளியேற்ற விதி செய்யட்டும். அழைப்பிதழிலிருந்து அந்த வரியை எடுக்கட்டும்.