இரு கண்ணும் ஒரு காட்சியும்

கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் தம்பி வீட்டிற்குச் சென்றிருந்தபோது, அவன் மகன் மெய்நிகர்க் கண்ணாடி ஒன்றை என்னிடம் நீட்டி, "அத்தை, ஒரு தடவ போட்டுப் பாருங்க" என்றான். 2023 அக்டோபரில் விற்பனைக்கு வந்த 'மெட்டா குவெஸ்ட் 3' அது. எடை அரைக்கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். அது முழுதும் மூக்கின் மீதே அமர்ந்தது போலிருந்தது.

முதலில் விளையாடியது, உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து நீளும் ஒற்றைப் பலகையில் நடக்கும் விளையாட்டு. மின்தூக்கியின் கதவு திறந்ததும் கீழே தெருவும் எறும்பு போல் வண்டிகளும் தெரிந்தன. காலடியில் இருப்பது தம்பி வீட்டுத் தரைதான் என்பது அறிவுக்குத் தெரிந்தது, முழங்கால்களுக்குத் தெரியவில்லை. மூன்று அடி வைத்துவிட்டு, பிடி தேடி நாற்காலியில் அமர்ந்துவிட்டேன். தலையும் சுற்றியது. கண் 'நகர்கிறோம்' என்று சொல்ல, உட்காது 'இல்லை' என்று மறுக்கும்போது ஏற்படும் மயக்கமாம் அது.

ஐந்தாம் ஆண்டில் பயிலும் என் மகளோ இசைக்கேற்பப் பறந்துவரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்டும் 'பீட் சேபர்' விளையாட்டில் அண்ணனையே வென்றுவிட்டாள். (இக்கருவிக்கான வயது வரம்பு 13 ஆக இருந்தது, பெற்றோர் கண்காணிப்புடன் 10 வயதினரும் பயன்படுத்தலாம் என 2023இல் நிறுவனம் தளர்த்தியது. அத்தளர்வு எனக்கு இன்னும் உடன்பாடில்லை.)

இதை முற்றிலும் புதியது எனப் பிள்ளைகள் எண்ணுகின்றனர். இதன் வேர் 1838ஆம் ஆண்டில் இருக்கிறது. நம் இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைக் காண்கின்றன. மூளை அவ்விரண்டையும் இணைத்து ஆழத்தை உணர்கிறது. இதை மெய்ப்பிக்க, ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் இரு கண்ணாடிகளைக் கொண்டு ஸ்டீரியோஸ்கோப் என்னும் கருவியை அமைத்தார். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அதற்கடுத்த ஆண்டில்தான். ஆகவே அவர் பயன்படுத்தியவை வெறும் கோட்டோவியங்கள்! பின்னர் டேவிட் புரூஸ்டர் வில்லைகளைப் பொருத்தி அதைச் சிறிதாக்கினார். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் விக்டோரியா அரசியாரைக் கவர்ந்தது அவ்வகைக் கருவியே.

கணினி வந்து சேர்ந்தது 1968இல். அமெரிக்கரான ஐவன் சதர்லாந்து உருவாக்கிய தலையணிக் கருவி, கூரையிலிருந்து தொங்கும் இயந்திரக் கையுடன் இணைக்கப்பட்டிருந்தது. அணிந்தவர் தலையைத் திருப்பினால் கோடுகளாலான கனசதுரமும் அதற்கேற்பத் திரும்பியது. 1995இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'வெர்ச்சுவல் பாய்' சிவப்பு நிறத்தை மட்டுமே காட்டியது, ஓராண்டளவிலேயே கைவிடப்பட்டது. 2012இல் பொதுமக்களிடம் நிதி திரட்டத் தொடங்கிய ஒக்குலஸ் நிறுவனத்தை 2014இல் ஃபேஸ்புக் ஏறத்தாழ 200 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. தம்பி மகனின் கருவி அவ்வழியில் வந்தது.

இவற்றையெல்லாம் மகளுக்கு விளக்க, வீடு திரும்பியதும் அலமாரியிலிருந்து என் பழைய 'வியூ மாஸ்டரை' எடுத்தேன். 1939இல் அமெரிக்காவில் அறிமுகமான பொம்மை அது. ஒரு வட்டத்தட்டில் 14 சிறு படங்கள். கண்ணுக்கொன்றாக ஏழு காட்சிகள். என் தந்தையார் எப்போதோ பினாங்கில் வாங்கித் தந்தது. நயாகரா அருவியின் முன்னுள்ள வேலிக்கம்பி கைக்கெட்டும் தொலைவில் நிற்பது போலிருக்கும்.

மகள் பார்த்தாள். "வெறும் படந்தானம்மா" என்றாள்.

"கம்பி முன்னால வந்து நிக்கலயா?"

"இல்லையே. தட்டையாத்தான் இருக்கு."

விளையாடுகிறாள் என்றே முதலில் எண்ணினேன். பிறகு அவளது வலக்கண்ணை மூடி, நாள்காட்டியின் எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். பெரிய எண்களைத் தவிர எதையும் அவளால் படிக்க இயலவில்லை.

கண் மருத்துவர் அதைச் 'சோம்பேறிக் கண்' என்றார். இரு கண்களின் பார்வைத்திறனும் ஏற்றத்தாழ்வாக இருப்பதால், மங்கலான கண் அனுப்பும் காட்சியை மூளை மெல்ல மெல்லப் புறக்கணித்துவிடுகிறது. நல்ல கண் ஒன்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதால் பிள்ளைக்குக் குறை தெரிவதில்லை. அப்படியானால் அந்தக் கட்டைகளை எப்படி வெட்டினாள்? பொருள் நெருங்கும்போது பெரிதாவதும், தலையை அசைக்கையில் அருகிலுள்ளது விரைந்து விலகுவதும் ஒரு கண்ணுக்கே போதிய குறிப்புகளாம். அசையாத படத்தில் அவை இல்லை. விலையுயர்ந்த புதுக்கருவி மறைத்ததைப் பழைய பொம்மை காட்டிக்கொடுத்தது.

நாள்தோறும் வகுப்பில் முப்பது முகங்களைப் பார்ப்பவள் நான். கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கும் மாணவனைப் பின்வரிசையிலிருந்தே கண்டுபிடித்து முன்னே அமர்த்தியிருக்கிறேன். என் வீட்டில் பதினோராண்டுகள் கவனிக்கவில்லை. ஏழு வயதிற்குள் தொடங்கியிருந்தால் பலன் கூடுதலாக இருந்திருக்கும் என்று மருத்துவர் மென்மையாகத்தான் சொன்னார். பெற்றோர்களே, ஆசிரியர்களே, பிள்ளையின் ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறுகண்ணை மூடுங்கள். இரண்டு நிமிட வேலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜவால், தம் தங்கையின் மாறுகண்ணுக்கு ஸ்டீரியோஸ்கோப் கொண்டு பயிற்சி அளித்திருக்கிறார். 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, 4 முதல் 7 வயதுவரையுள்ள பிள்ளைகளின் சோம்பேறிக் கண்ணுக்கு மெய்நிகர்க் கண்ணாடி வழிச் சிகிச்சை ஒன்றை ஏற்றது. என் மகள் அவ்வயதைக் கடந்துவிட்டாள்.

இப்போது மூக்குக்கண்ணாடி அணிகிறாள். நாள்தோறும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மறைக்கிறோம். நாள்தோறும் அதற்கொரு சண்டை. சென்ற வாரம் அவளே வியூ மாஸ்டரைக் கேட்டு வாங்கி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கம்பி கொஞ்சம் முன்னால இருக்கற மாதிரி இருக்கும்மா" என்றாள். எனக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை. அடுத்த சோதனை ஜூன் மாதத்தில்.